திருமண ஒளிப்படக் கலைஞரைத் தேர்ந்தெடுத்தல்

திருமண ஒளிப்படக் கலைஞர் என்பவர் ஒரு திருமணத்தின் சடங்குகளையும் அதற்கு வந்து கூடும் மனிதர்களையும் படமாகப் பதிவு செய்து தருபவர். பேச்சு வழக்கில் இவரைப் போட்டோகிராபர் என்பர். தமிழ்நாட்டில் மண்டபம், சமையல், நகை, துணிமணி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வீட்டார் கூடிப் பேசி முடிவெடுக்கும் செலவுகளுள் இவருடைய கட்டணமும் ஒன்று. சாம்பாரில் உப்புக் கூடினால் அந்தப் பந்தியிலேயே தெரிந்துவிடும். படம் சரியாக வரவில்லை என்பது வாரங்கள் கழித்தே தெரியவரும். அப்போது மறுபடி எடுக்க வழியில்லை. ஆகவே வேலை தொடங்கும் முன்பே, வேலை எப்படி இருக்கும் என்று மதிப்பிட வேண்டியுள்ளது. எதைப் பார்த்து மதிப்பிடுவது என்பதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுகின்றன.

பின்னணி

படச்சுருள் காலத்தில் இத்தேர்வு எளிதாக இருந்தது. ஊருக்கு ஒன்றிரண்டு ஸ்டுடியோக்கள் இருந்தன. அதன் உரிமையாளரைக் குடும்பத்தார் பெயர் சொல்லி அறிவர். அக்கா திருமணத்தை எடுத்தவரே தம்பி திருமணத்தையும் எடுத்தார். இரட்டை லென்ஸ் கேமராக்களில் போடப்பட்ட 120 வகைச் சுருளில் சதுரப் படம் 12 மட்டுமே விழும். 35 மில்லிமீட்டர் சுருளில் 36 விழும். சில சுருள்களுக்குள் ஒரு திருமணம் முடிந்தாக வேண்டும் என்பதால், எந்த நொடியில் விசையை அழுத்துவது என்பது அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

டிஜிட்டல் கேமரா வந்தபின் எண்ணிக்கை ஒரு தடையாக இல்லை. ஒரு திருமணத்துக்கு மூவாயிரம் படம் எடுப்பது இன்று சாதாரணம். தொழிலுக்கு வருவோரும் பெருகினர். ‘ட்ரெடிஷனல் போட்டோ’, ‘ட்ரெடிஷனல் வீடியோ’, ‘கேண்டிட் போட்டோ’, ‘சினிமாட்டிக் வீடியோ’ என்று வேலை நான்காகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் தனியாள் வரும் வழக்கம் ஏற்பட்டது. ட்ரெடிஷனல் என்பது சடங்குகளையும், மேடையேறி வரும் உறவினர்களை வரிசையாக நிறுத்தியும் எடுப்பது. கேண்டிட் என்பது யாரையும் நிற்கச் சொல்லாமல் இயல்பாக நடப்பதை எடுப்பது. நடைமுறையில், கேண்டிட் என்று சொல்லிவிட்டு மணமகளை ஜன்னலோரம் நிறுத்திச் சிரிக்கச் சொல்வதும் உண்டு.

கேண்டிட் படங்களே அழகானவை என்று இளையவர்களும், மேடைப் படம் இல்லாத ஆல்பம் ஓர் ஆல்பமா என்று பெரியவர்களும் வாதிடுவது பல வீடுகளில் நடக்கிறது. பெரியவர்களின் பேச்சில் நியாயம் இருக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து ஆல்பத்தைப் புரட்டுவோர் தேடுவது பெரும்பாலும் மனிதர்களைத்தான்: அந்தத் திருமணத்துக்கு வந்து, பின்னர் இறந்துபோன பெரியப்பா, அன்று கைக்குழந்தையாக இருந்த மருமகன். மேடைப் படங்களைச் சலிப்பில்லாமல் எடுக்கும் கலைஞரைக் குறைத்து மதிப்பிடுவது தவறு.

கெட்டிமேளத்தின் அரை நிமிடம்

ஒரு கலைஞரின் திறமை வெளிப்படும் இடம் தாலி கட்டும் நேரம். புரோகிதர் கையசைத்ததும் கெட்டிமேளம் முழங்குகிறது. அட்சதை பறக்கிறது. மணமகன் குனிந்து முதல் முடிச்சைப் போட, பல சமூகங்களில் அவனுடைய சகோதரி பின்னால் நின்று மற்ற முடிச்சுகளைப் போடுகிறாள். இவ்வளவும் ஏறத்தாழ அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் மேடையில் இருபது பேராவது நெருங்கி நிற்பர்; அவர்களில் பாதிப் பேர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருப்பர். மணமகனின் முழங்கை மணமகளின் முகத்தை மறைக்கும். நேர் எதிரே மட்டும் ஒருவர் நின்றால், தாலி தெரியும் படத்தில் முகம் இல்லாமல் போகலாம். முகம் தெரிந்தால் தாலி மறைந்திருக்கலாம்.

அனுபவமுள்ளவர் இதற்கு முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்கிறார். ஒருவர் எதிரே தாழ்வாக அமர்கிறார். இன்னொருவர் பக்கவாட்டில் சிறு முக்காலியின் மேல் நிற்கிறார். முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே புரோகிதரிடமும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடமும் சொல்லி, ஓர் இடைவெளியை ஒதுக்கி வைக்கிறார். கீழே நாற்காலிகளில் இருப்பவர்களுக்குக் கேமராக்காரர்களின் முதுகு மட்டுமே தெரிந்தது என்ற குறை இன்று எல்லாத் திருமணங்களிலும் கேட்கிறது. எனவே பேசும்போது “தாலி கட்டும்போது உங்கள் ஆட்கள் எங்கே நிற்பார்கள்?” என்று கேட்பது நல்லது. உடனே விளக்கமாகப் பதில் வந்தால் அவர் பல முகூர்த்தங்களைப் பார்த்தவர். “அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்” என்று பதில் வந்தால் சற்று யோசிக்க வேண்டும்.

பெண் வீட்டார் ஒருவரையும் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையும் அமர்த்தும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. அப்போது ஒரே மேடையில் இரு குழுக்கள் முட்டிக்கொள்ளும். ஒருவர் வைத்த விளக்கு மற்றவர் படத்தில் விழும். இரு வீட்டாரும் பேசி ஒரே குழுவை அமர்த்துவது சிறந்தது. முடியாவிட்டால் இரு கலைஞர்களையும் திருமணத்துக்கு முன்பே தொலைபேசியில் பேசவைத்து, யார் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொள்ளச் சொல்லலாம்.

முழுத் தொகுப்பைக் கேட்டல்

சமூக ஊடகப் பக்கங்களிலும் மாதிரி ஆல்பங்களிலும் இருப்பவை பொறுக்கியெடுத்த படங்கள். ஐம்பது திருமணங்களில் எடுத்த ஒன்றரை லட்சம் படங்களிலிருந்து நூறு நல்ல படங்களைத் தேர்ந்து வைப்பது யாருக்கும் இயலும். அவற்றைக் கொண்டு ஒருவரை மதிப்பிடுவது, அரிசி மூட்டையின் மேல் கைப்பிடியை மட்டும் பார்த்து வாங்குவதைப் போன்றது.

ஒரே திருமணத்தின் முழுத் தொகுப்பைக் காட்டச் சொல்வதே நம்பத்தக்க வழி. அதாவது அந்த வீட்டாருக்கு அவர் ஒப்படைத்த எல்லாப் படங்களும். அந்த வீட்டாரின் சம்மதம் பெற்று, அலுவலகத்தில் வைத்துக் காட்டச் சொல்லலாம். தங்கள் திருமணம் நடக்கவுள்ளதைப் போன்ற மண்டபத்தில், அதே போன்ற நேரத்தில் நடந்த திருமணமாக அது இருப்பது நலம். கடற்கரை விடுதியில் மாலை வெயிலில் எடுத்த படங்கள், தாழ்ந்த கூரையும் குழல் விளக்கும் கொண்ட ஊர் மண்டபத்தில் அதிகாலை நான்கரை மணிக்கு அவர் எப்படி எடுப்பார் என்பதைச் சொல்லாது.

தொகுப்பில் அலங்காரப் படங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். மணமகளின் தந்தை தாரை வார்க்கும்போது அவருடைய முகம் பதிவாகியுள்ளதா? பந்தியில் பரிமாறியவர்கள், நாதசுரக் கலைஞர்கள், பின்வரிசையில் அமர்ந்திருந்த பாட்டிமார்கள் இருக்கிறார்களா? ஒரு சடங்குக்கும் அடுத்த சடங்குக்கும் இடையில் நீண்ட வெற்றிடம் இருக்கிறதா? பெரிய குழுப்படங்களில் ஓரத்தில் நிற்பவர்கள் தெளிவாக இருக்கிறார்களா, கண் மூடியிருக்கிறார்களா? இவற்றை அரைமணி நேரம் பொறுமையாகப் பார்த்தால், விலைப்பட்டியலும் விளம்பர வீடியோவும் சொல்லாதவை தெரிந்துவிடும்.

ஒளியும் நிறமும்

தமிழ்நாட்டு மண்டபங்கள் கேமராவுக்கு எளிதான இடங்கள் அல்ல. மேடையின் பின்புறம் சிவப்பு, மஞ்சள் துணி கட்டப்பட்டிருந்தால் அதன் நிறம் முகங்களில் படியும். ஹோமப் புகை ஒளியைச் சிதறடித்து, பிளாஷ் வெளிச்சத்தில் வெண்திரையாக மாறும். அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவை பல கேமராக்களில் மடிப்பும் நெசவும் தெரியாத ஒரே சிவப்புப் பரப்பாகப் பதிவாகும். அதே புடவையின் சரிகை வெளுத்துப்போகும். வரவேற்பு மேடைகளில் வைக்கப்படும் எல்.இ.டி. திரைகள் கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டுகின்றன. வேகமான ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே கருங்கோடுகள் விழும். இந்தியாவில் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுக்கும். வீடியோவில் அது துடிப்பாகத் தெரியும். தேர்ந்தவர் ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு என வைத்து அதைத் தவிர்ப்பார். மாதிரித் தொகுப்பில் வரவேற்புப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் இக்குறை இருக்கிறதா என்று கண்டுகொள்ளலாம்.

முகத்தின் நிறம் தனியாகக் கவனிக்கத்தக்கது. எடிட்டிங்கில் எல்லோரையும் வெளுப்பாக்கித் தருவதைச் சிலர் சேவையாகவே கருதுகின்றனர். மாநிறமான மணமகளும் கருத்த மணமகனும் ஆல்பத்தில் வேறு யாரோவாக மாறிவிடுகின்றனர். கன்னத்தின் தழும்பும் நெற்றிச் சுருக்கமும் துடைக்கப்பட்டுத் தாத்தாவின் முகம் மெழுகாகிறது. மாதிரித் தொகுப்பில் ஒருவரின் முகத்தையும் கையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். முகம் மட்டும் வெளுத்திருந்தால் அது எடிட்டரின் வேலை. “தோலின் நிறத்தை மாற்றக் கூடாது” என்று முன்கூட்டியே சொல்லி, எழுத்திலும் சேர்த்துவிடலாம்.

சடங்கு அறிவு

தமிழ்நாட்டில் திருமணம் ஒரே மாதிரி நடப்பதில்லை. பிராமணர் திருமணங்களில் காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் ஆகியவை உண்டு. நகரத்தார் திருமணத்தில் கழுத்திரு அணிவிக்கும் திருப்பூட்டுதல் முக்கியம். கொங்குப் பகுதியில் அருமைக்காரர் நடத்தும் சீர்களும், மாப்பிள்ளையின் சகோதரிக்குரிய இணைச்சீரும் உள்ளன. 1967ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் சட்ட ஏற்புப் பெற்ற சுயமரியாதைத் திருமணத்தில் புரோகிதரும் ஹோமமும் இல்லை. உறுதிமொழியும் மாலை மாற்றுவதும் தலைவர்களின் வாழ்த்துரையுமே நிகழ்ச்சி. அங்கே பேசுபவரின் முகத்தோடு கேட்பவர்களின் முகங்களும் பதிவாக வேண்டும்.

முஸ்லிம் திருமணங்களில் நிக்காஹ் நடக்கும்போது மணமகள் பெரும்பாலும் வேறோர் அறையில் பெண்களோடு இருப்பார். ஆண்கள் பக்கத்துக்கு ஒருவர், பெண்கள் பக்கத்துக்கு ஒரு பெண் கலைஞர் என்று இருவர் தேவைப்படும். தேவாலயங்களில் பீடத்துக்கு எவ்வளவு அருகே செல்லலாம், பிளாஷ் பயன்படுத்தலாமா என்பதை அந்தந்தப் பங்கின் குருவே முடிவு செய்வார். கோயிலில் திருமணம் என்றால் கேமராவுக்கு அனுமதி உண்டா என்று கோயில் அலுவலகத்தில் முன்பே கேட்டுவிட வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது நினைவுகொள்ளத்தக்கது.

தங்கள் சமூகத்தின் சடங்கு கலைஞருக்குத் தெரியாவிட்டால் அது பெரிய குறையில்லை. அதை ஒப்புக்கொண்டு, நிகழ்ச்சி நிரலைக் கேட்டு எழுதிக்கொள்பவர் போதும். எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டு, நடு மணவறையில் “இன்னொரு தடவை கட்டுங்க” என்று மணமகனிடம் கேட்பவர்தான் ஆபத்து.

யார் வருவார்?

ஆடி, மார்கழி மாதங்களில் இந்துத் திருமணங்கள் அரிது. புரட்டாசியையும் பலர் தவிர்ப்பர். ஆதலால் தை, வைகாசி, ஆவணி போன்ற மாதங்களின் முகூர்த்த நாட்களில் திருமணங்கள் குவிகின்றன. ஒரே நாளில் நான்கு திருமணங்களை ஒப்புக்கொள்ளும் நிறுவனங்கள் அன்றைக்கு வெளியாட்களைக் கூலிக்கு அமர்த்துகின்றன. இது தொழிலில் வழக்கமானது, தவறும் அல்ல. ஆனால் ஒருவருடைய படங்களைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டு, முகூர்த்தத்தன்று முன்பின் தெரியாத ஒருவர் வந்து நின்றால் அதுவரை செய்த ஆராய்ச்சி வீண். வரப்போகிறவர் யார் என்று பெயரோடு கேட்டு, அவர் எடுத்த திருமணத்தையே பார்க்க வேண்டும். அவருக்கு உடல்நலம் சரியில்லாவிட்டால் மாற்று ஆள் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

முந்தைய வாடிக்கையாளர் ஒருவரிடம் பேசிப் பார்ப்பதும் பயன் தரும். “படம் நன்றாக இருந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமென்பார்கள். ஆல்பம் எத்தனை மாதத்தில் வந்தது, வயதானவர்களிடம் எப்படிப் பேசினார், பேசிய தொகைக்கு மேல் கேட்டாரா என்று கேட்டால் சரியான தகவல் கிடைக்கும்.

ட்ரோன் வேண்டுமென்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வணிக நோக்கில் இயக்குபவரிடம் அதற்குரிய விமானிச் சான்றிதழ் இருக்க வேண்டும். விமான நிலையத்துக்கு அருகிலுள்ள மண்டபங்களில் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது.

ஒப்பந்தமும் உரிமையும்

வாய்ப்பேச்சிலேயே முடியும் தொழிலாக இது நெடுங்காலம் இருந்தது. இன்னும் சிற்றூர்களில் அப்படித்தான். ஒரு பக்கக் காகிதமாவது இருப்பது இரு தரப்புக்கும் நல்லது. எந்தெந்த நிகழ்ச்சிகள், எத்தனை மணி வரை, எத்தனை பேர், எத்தனை ஆல்பம், எத்தனை ஷீட், என்ன அளவு, கூடுதல் ஷீட்டுக்கு எவ்வளவு, தொகையில் சரக்கு மற்றும் சேவை வரி அடங்குமா என்பவை அதில் வேண்டும். வெளியூர் என்றால் பயணமும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்பதையும் எழுதலாம். கடைசித் தவணையை ஆல்பம் கைக்கு வரும்போது கொடுப்பதாக வைத்துக்கொள்வது வீட்டாருக்குப் பாதுகாப்பு. அதே சமயம் ஆல்பம் தாமதமாவதற்குப் பல நேரம் வீட்டாரே காரணம். மூவாயிரம் படங்களிலிருந்து இருநூறைத் தேர்ந்து கொடுங்கள் என்று கலைஞர் கேட்டிருப்பார். புதுமணத் தம்பதியர் ஓராண்டு ஆகியும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

படங்களின் பதிப்புரிமை யாருக்கு என்பது பலருக்குத் தெரியாத செய்தி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17இன்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன்பேரில் எடுக்கப்பட்ட ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், மாறான ஒப்பந்தம் இல்லாத வரை, அவ்வாறு கேட்டுக்கொண்டவரே. ‘மாறான ஒப்பந்தம்’ என்ற சொற்களில்தான் விஷயம் இருக்கிறது. நிறுவனங்கள் தரும் அச்சிட்ட படிவங்களில், உரிமை நிறுவனத்துக்கே என்றும், படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்றும் ஒரு வரி இருக்கலாம். கையெழுத்திட்ட பின் அந்த வரி செல்லுபடியாகும். மணமகள் அலங்கார அறையில் இருக்கும் படம் சமூக ஊடகத்தில் வந்த பிறகு வருந்துவதைவிட, “எழுத்து மூலமான அனுமதியின்றி எந்தப் படத்தையும் வெளியிடக் கூடாது” என்று மாற்றி எழுதச் சொல்வது எளிது. பெரும்பாலான கலைஞர்கள் ஒப்புக்கொள்வர்; சிலர் விளம்பரம் இல்லாததற்குச் சற்றுக் கூடுதல் கட்டணம் கேட்பர்.

பேசியபடி செய்யாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காகிதமும் பணம் செலுத்திய சான்றும் இருந்தால் அங்கே பேச்சு நிற்கும்.

கோப்புகளின் பாதுகாப்பு

பழைய ஸ்டுடியோக்கள் மூடப்பட்டபோது பல குடும்பங்களின் நெகட்டிவ்கள் காணாமல் போயின. அவற்றிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போனவையும் உண்டு. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, எஞ்சியிருந்த தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்ணிமமாக்கியது. இன்றைய கோப்புகளுக்கு ஆபத்து குறையவில்லை. மெமரி கார்டு பழுதானால் முழு முகூர்த்தமும் போகும். இரண்டு கார்டுகளில் ஒரே நேரத்தில் பதியும் கேமராக்கள் உள்ளன. அவ்வகைக் கேமராவை, அந்த முறையில் பயன்படுத்துகிறாரா என்று கேட்க வேண்டும். அன்றிரவே இரண்டு இடங்களில் நகல் எடுப்பாரா என்பதும் அதனுடன் சேர்ந்த கேள்வி.

பெரும்பாலான நிறுவனங்கள் சில மாதங்களுக்குப் பிறகு கோப்புகளை அழித்துவிடுகின்றன. மூவாயிரம் ‘ரா’ கோப்புகள், ஒன்று 25 மெகாபைட் என்று வைத்தால், 75 ஜிகாபைட் இடம் எடுக்கும். ஆண்டுக்கு அறுபது திருமணங்களை அவர்கள் என்றென்றும் வைத்திருக்க முடியாது. எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்டு, அதற்குள் எல்லாப் படங்களையும் முழு அளவில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியதும் திறந்து பார்ப்பது அவசியம். நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து, இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து மற்ற வீட்டாரிடம் கொடுத்து வைக்கலாம்.

ஆல்பம் வரும்வரை காத்திராமல் சில படங்களை உடனே கேட்டு வாங்குவதும் வழக்கம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் சட்டப்படி எல்லாத் திருமணங்களும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் அவகாசம் உண்டு. பதிவுக்கும், வெளிநாட்டில் இருக்கும் கணவரிடமோ மனைவியிடமோ செல்வதற்கான விசா விண்ணப்பத்துக்கும் திருமணப் படங்கள் கேட்கப்படலாம். மணமக்கள் இருவரின் முகமும் தெளிவாகத் தெரியும் தாலி கட்டும் படம் ஒன்று, மாலையுடன் இருவரும் நிற்கும் படம் ஒன்று, இரு வீட்டுப் பெற்றோருடன் ஒன்று என மூன்றை மட்டும் ஒரு வாரத்துக்குள் தரும்படி முன்பே சொல்லி வைத்தால் கலைஞருக்கும் சுமையில்லை.